கழுத்துத் தமனி அடைப்பு: மாத்திரையா, ஆபரேஷனா, ஸ்டென்டா?

டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடது உள் கரோட்டிட் தமனியில் 75 சதவீத அடைப்பு' என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோர் மனதிலும் ஒரே கணக்குதான் ஓடும். முக்கால் பங்கு அடைத்துவிட்டது, மூளைக்குக் கால் பங்கு ரத்தம்தான் போகிறது, அடைப்பை எடுத்துவிட்டால் முழு ரத்தமும் போகும். இந்தக் கணக்கு தவறு. இதை நம்பித்தான் சிலர் தேவையில்லாத ஆபரேஷனுக்கு அவசரமாகச் சம்மதிக்கிறார்கள். வேறு சிலர் இதையே திருப்பிப் போட்டு, 'அப்பா நன்றாகத்தானே நடமாடுகிறார், ரத்தம் போகாமலா இருக்கிறது' என்று, செய்தே ஆகவேண்டிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ரத்த ஓட்டம் முக்கியம்தான். ஆனால் கழுத்துத் தமனி விஷயத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது முதல் கேள்வி அல்ல. யாருக்கு அது முதல் கேள்வி, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்துவிட்டால், மூன்று வழிகளில் எது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அடைப்பு 75 என்றால் ஓட்டம் எவ்வளவு?

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்கு 700, 750 மில்லி. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி என்பது சராசரி. அது 20க்குக் கீழே இறங்கினால் பேச்சும் கை கால் அசைவும் தடுமாறும். 10க்குக் கீழே போனால் சில நிமிடங்களில் திசு செத்துவிடும். இந்த ரத்தத்தைக் கொண்டுபோக நான்கு குழாய்கள் இருக்கின்றன: கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்னால் கழுத்தெலும்பின் துளைகள் வழியாக ஏறும் இரண்டு வெர்டிப்ரல். நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையத்தில் கூடுகின்றன. 1664இல் அதை விவரித்த தாமஸ் வில்லிஸ் பெயரால் வில்லிஸ் வளையம் என்கிறார்கள். ஒரு பக்கம் வரத்துக் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து இந்த வளையம் வழியாக ரத்தம் வந்து சேரும். ஆனால் வளையம் குறையின்றி முழுமையாக அமைந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. அதனால்தான் அதே 75 சதவீத அடைப்பு ஒருவருக்கு ஒன்றும் செய்யாமலிருக்கிறது, இன்னொருவருக்கு மூளையைப் பட்டினி போடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த 75 என்பது குழாயின் விட்டம் எவ்வளவு குறுகியிருக்கிறது என்ற அளவு. எவ்வளவு ரத்தம் போகிறது என்ற அளவு அல்ல. கழுத்தில் வழி குறுகும்போது மூளைக்குள் இருக்கும் மெல்லிய தமனிகள் விரிந்துகொடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். வாய்க்கால் தலைப்பில் மண் சரிந்து வரத்துக் குறையும்போது வயல்காரர் தன் மடையை அகலத் திறந்துவிடுவதைப் போன்றது இது. இன்னும் திறக்க இடமிருக்கும்வரை பயிருக்கு ஆபத்தில்லை. முழுக்கத் திறந்தாகிவிட்டது என்ற கட்டம்தான் ஆபத்தானது. மருத்துவர்கள் அதை 'ரிசர்வ்' தீர்ந்த நிலை என்கிறார்கள். அதற்கு மேலும் வரத்துக் குறைந்தால், வருகிற ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை மூளை உறிஞ்சத் தொடங்கும். அது கடைசிக் கையிருப்பு. அந்த மடைகள் எல்லாம் திறந்தே கிடக்கும்போது வாய்க்காலை ஒரே நாளில் தூர்வாரிவிட்டால் வயல் மூழ்கும். ரிசர்வ் தீர்ந்தவருக்கு அடைப்பை எடுத்த பிறகு வரும் ஆபத்து இதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

ரிசர்வ் மிச்சமிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுத்து டாப்ளர் அதைச் சொல்லாது. குறுகலான இடத்தில் ரத்தம் பாயும் வேகத்தை அளந்து அடைப்பின் அளவை ஊகிப்பதுதான் டாப்ளரின் வேலை. உச்ச வேகம் விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்வார்கள். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு சிடி பெர்ஃப்யூஷன், எம்ஆர் பெர்ஃப்யூஷன், ஸ்பெக்ட், பெட் என்று வேறு படங்கள் வேண்டும். இவற்றில் தெளிவான சோதனை அசெட்டசோலமைட் ஊசி போட்டு எடுப்பது. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். அது மூளைத் தமனிகளை விரியவைக்கும். ஊசிக்கு முன்னும் பின்னும் ஓட்டத்தை அளந்து, கூடியிருந்தால் ரிசர்வ் இருக்கிறது என்று பொருள். கூடவில்லை, அல்லது குறைந்தேவிட்டது என்றால் தமனிகள் ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்டன.

சிடி பெர்ஃப்யூஷன் படத்தைக் கையில் வாங்கும் குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் தெரியும் படம் பெரும்பாலும் ரத்தம் வந்து சேர எடுக்கும் நேரத்தைக் காட்டுவது. சுற்றுவழியில் வருவதால் தாமதமாகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். பக்கத்திலேயே இருக்கும் ஓட்ட அளவுப் படத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் எடுக்கும் படத்தில் இரண்டு பக்க நிறமும் சமமாகிவிட்டால் தாமதம் நீங்கியது என்று கொள்ளலாம். 'மூளைக்கு மூன்று மடங்கு ரத்தம் போகிறது' என்று அதைப் படிக்கக் கூடாது. ரிசர்வ் நன்றாக இருந்தவருக்கு ஓய்வுநிலை ஓட்டம் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பெரிதாக மாறுவதே இல்லை. ரிசர்வ் தீர்ந்திருந்தவருக்குத்தான் அது கண்கூடாக ஏறும்.

ஓட்டத்தை மட்டும் கூட்டினால் போதுமா?

இதற்கு நேரடியான விடை ஒரு ஆய்வில் கிடைத்தது. கரோட்டிட் முழுக்க மூடிப்போய், பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்து, பெட் ஸ்கேனில் கடைசிக் கையிருப்பையும் செலவழித்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தவர்களை மட்டும் அமெரிக்காவிலும் கனடாவிலும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உச்சந்தலைத் தோலுக்குப் போகும் தமனியை மண்டையோட்டுக்குள் இறக்கி மூளைத் தமனியில் இணைத்தார்கள். இருதய பைபாஸ் மாதிரி, மூளை பைபாஸ். 2011இல் வெளியான இந்த ஆய்வின் பெயர் 'காஸ்'. 30ஆம் நாளில் இணைப்புக் குழாய் 98 சதவீதம் பேரிடம் திறந்திருந்தது. மூளையின் ரத்த வரத்தும் முன்னேறியது. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் அதே பக்கப் பக்கவாதம் பைபாஸ் செய்தவர்களில் 21.0 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 22.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. காரணம், ஆபரேஷனை ஒட்டிய முதல் 30 நாளிலேயே 14.4 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. மாத்திரைக்காரர்களில் அது 2.0 சதவீதம். ஓட்டத்தைக் கூட்டியதால் கிடைத்த லாபம் முழுவதையும் ஆபரேஷனின் ஆபத்து விழுங்கிவிட்டது. முழுக்க மூடிய கரோட்டிட்டை 'எப்படியாவது திறந்துவிடுங்கள்' என்று டாக்டரிடம் மன்றாடுபவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் நான் சொல்வேன்.

அப்படியானால் பாதி திறந்திருக்கும் தமனியில் ஆபரேஷன் ஏன் பலன் தருகிறது? அங்கே பக்கவாதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வரத்துக் குறைவு அல்ல. கரோட்டிட் இரண்டாகப் பிரியும் இடத்தில், தாடைக்குச் சற்றுக் கீழே, தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு தடித்திருக்கும். அதன் மேல்தோல் வெடிக்கும். அந்தப் புண்ணில் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மேலே போய் மூளைத் தமனியொன்றை அடைக்கும். ஆபரேஷன் அந்தத் துணுக்கு கிளம்பும் இடத்தையே அகற்றிவிடுகிறது. ஓட்டம் சீராவது கூடவே கிடைப்பது.

மூன்று வழிகளும் தருவதும் எடுப்பதும்

மாத்திரை எல்லோருக்கும் பொது. ஆபரேஷன் செய்தாலும் ஸ்டென்ட் வைத்தாலும் ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்புக்கு ஸ்டாடின், பிரஷர், சுகர் கட்டுப்பாடு, புகையை அடியோடு நிறுத்துவது எல்லாம் தொடர வேண்டும். ஸ்டாடின் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் குறைப்பதோடு படிவின் மேல்தோலையும் உறுதியாக்குகிறது, வெடிப்பது குறைகிறது. அடைப்பு சதவீதம் அப்படியே இருந்தாலும் ஆபத்து இறங்குவது இதனால்தான். இதை 'வெறும் மாத்திரை' என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

ஆபரேஷன், அதாவது எண்டார்டெரெக்டமி, 1950களிலிருந்து நடக்கிறது. 1954இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் கழுத்துத் தமனியைச் சீராக்கியதுதான் மருத்துவ உலகை இந்தப் பக்கம் திருப்பியது. இன்று செய்யும் முறை இது. கழுத்தின் பக்கவாட்டில் கீறி, தமனியை வெளிக்கொணர்ந்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மேலும் கீழும் கிளாம்ப் போடுவார்கள். அந்த நொடியிலிருந்து அந்தப் பக்க மூளை முழுக்க வளையத்தையே நம்பியிருக்கிறது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளி விழித்திருக்கும்போது நடக்கும் ஆபரேஷனில், எதிர்ப்பக்கக் கையில் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து வைப்பதுண்டு. கிளாம்ப் போட்டதும் 'அமுக்குங்கள்' என்பார்கள். கீச் என்று சத்தம் வந்தால் வளையம் தாங்குகிறது, வேலையைத் தொடரலாம். சத்தம் நின்றாலோ பேச்சு குழறினாலோ உடனே 'ஷண்ட்' என்ற சிறு குழாயைத் தமனிக்குள் செருகி ரத்தத்தை மேலே அனுப்புவார்கள். பெரும்பாலும் கை மீண்டும் அமுக்கத் தொடங்கிவிடும். மூளை ரத்த ஓட்டத்தை இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நம்பகமாகச் சொல்லும் கருவி வேறில்லை என்பேன். முழு மயக்கம் கொடுத்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, நெற்றிப்பொட்டில் வைக்கும் டாப்ளர், நெற்றியில் ஒட்டும் ஆக்சிஜன் உணரி போன்றவை அந்த வேலையைச் செய்யும். எந்த மயக்கம் நல்லது என்று 3,526 பேரிடம் பார்த்த 'காலா' ஆய்வில் (2008) முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அதைப் பற்றிக் குடும்பத்தில் சண்டை வேண்டாம்; அந்த அணிக்குப் பழகிய முறை எதுவோ அதுவே சரி.

திறந்த தமனியிலிருந்து மஞ்சள் படிவை உரித்து எடுத்து, பெரும்பாலும் ஒட்டுத்துணி வைத்துத் தைத்து மூடுவார்கள். கழுத்துக்குள் ஓடும் நரம்புகள் இழுபட்டு நாக்கு ஒரு பக்கம் சாய்வது, குரல் கரகரப்பது, உதட்டோரம் இறங்குவது சிலருக்கு நேரும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

ஸ்டென்டில் கழுத்தைக் கீறுவதில்லை. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மேலே போய், துணுக்குகளைப் பிடிக்க ஒரு வலையை முன்னால் விரித்துவிட்டு, குறுகிய இடத்தை பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைப்பார்கள். ஓட்டத்தைச் சீராக்குவதில் இது ஆபரேஷனுக்குச் சளைத்ததல்ல. சிக்கல் வழியில்தான். வளைந்து தடித்த பெருந்தமனிக்குள்ளும் அந்தப் படிவின் ஊடாகவும் கம்பியைச் செலுத்தும்போது துணுக்குகள் கிளம்புகின்றன. சர்வதேச ஐசிஎஸ்எஸ் ஆய்வின் எம்ஆர்ஐ பகுதியில் (2010) ஸ்டென்ட் வைத்தவர்களில் 50 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் செய்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும் மூளையில் புதிய சிறு புள்ளிகள் தெரிந்தன. பெரும்பாலானவர்களுக்கு அதனால் வெளியே தெரிந்த பாதிப்பு இல்லை. ஆனால் 2,502 பேர் சேர்ந்த அமெரிக்க, கனடிய 'கிரெஸ்ட்' ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய பக்கவாதம் ஸ்டென்டில் 4.1, ஆபரேஷனில் 2.3 சதவீதம், மாரடைப்பு தலைகீழாக ஸ்டென்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. வயது 70ஐத் தாண்டினால் ஆபரேஷன் பக்கம் தராசு சாய்ந்தது. ஆண்டுகள் ஏற ஏற பெருந்தமனி வளைந்து தடிப்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. 'வயதானவராயிற்றே, கத்தி வேண்டாம், ஸ்டென்ட் வைத்துவிடுவோம்' என்று அன்பினால் எடுக்கும் முடிவு இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

கழுத்தடியில் சிறு கீறல் போட்டு, ரத்தத்தைத் தற்காலிகமாகத் திருப்பி ஓடவிட்டுத் துணுக்குகள் மூளைக்குப் போகாமல் தடுத்துக்கொண்டே ஸ்டென்ட் வைக்கும் 'டிகார்' முறை 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் ஆய்வுகளில் பக்கவாதம் குறைவாகவே இருந்தது. ஆனால் ஆபரேஷனோடு நேருக்கு நேர் பெரிய அளவில் ஒப்பிட்ட ஆய்வுகள் மற்ற இரண்டுக்கும் இருப்பதுபோல் இதற்கு இல்லை.

யாருக்கு எது?

முதலில் கேட்க வேண்டியது: அந்தத் தமனி ஏற்கெனவே ஏதாவது செய்ததா? இடது கரோட்டிட் என்றால் வலது கை, கால், முகம், பேச்சு, இடது கண். சில நிமிடம் வாய் கோணி சரியானது, கையில் இருந்த டம்ளர் நழுவியது, ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் இருண்டு திரும்பியது எல்லாம் கணக்கில் வரும். வெறும் தலைசுற்றல் இந்தக் கணக்கில் வராது. தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த அடைப்பை, தலைசுற்றலுக்குக் காரணமாகக் கருதி ஆபரேஷன் செய்வது பொருந்தாத வைத்தியம்.

அறிகுறி வந்து, அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபரேஷன்தான் என் பரிந்துரை; தயங்க இடமில்லை. 1991இல் வந்த வட அமெரிக்க 'நாஸ்செட்' ஆய்வில் இரண்டு ஆண்டில் அந்தப் பக்கப் பக்கவாதம் மாத்திரையில் 26 சதவீதம், ஆபரேஷனில் 9 சதவீதம். ஆறு பேருக்குச் செய்தால் ஒருவருக்குப் பக்கவாதம் தடுக்கப்படுகிறது. 50 முதல் 69 வரை பலன் குறைவு, 50க்குக் கீழே பலனில்லை. அதைவிட முக்கியம் நாள் கணக்கு. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால் ஐந்து பேருக்கு ஒருவர் காப்பாற்றப்படுகிறார். 12 வாரம் கழித்துச் செய்தால் 125 பேருக்கு ஒருவர்தான். படிவு புதிதாக வெடித்திருக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் துணுக்குகள் கிளம்பிக்கொண்டிருக்கும். கை சரியாகிவிட்டது, விசேஷம் முடியட்டும் என்று ஒரு மாதம் தள்ளிப்போடுபவர்கள் ஆபரேஷனின் பலனில் பெரும்பகுதியை இழந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு விஷயம் அவ்வளவு தெளிவில்லை. 2025 இறுதியில் வந்த 'கிரெஸ்ட்-2' ஆய்வுகளில், 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாதவர்களுக்குத் தீவிர மாத்திரை சிகிச்சை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே ஸ்டென்டோ ஆபரேஷனோ செய்தார்கள். இரண்டும் தனித்தனி ஆய்வுகள். ஸ்டென்ட் ஆய்வில் நான்கு ஆண்டில் பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்பு மாத்திரையில் 6.0, ஸ்டென்டில் 2.8 சதவீதம். ஆபரேஷன் ஆய்வில் மாத்திரையில் 5.3, ஆபரேஷனில் 3.7; இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். இதை எடுத்துக்கொண்டு 'ஸ்டென்ட் ஆபரேஷனை வென்றது' என்று சொல்வது தவறு, இரண்டையும் நேராக ஒப்பிடவில்லை. நான் இதில் பார்ப்பது வேறு: மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் நான்கு ஆண்டும் பாதிப்பின்றி இருந்திருக்கிறார்கள். ஆகவே இங்கே அவசரமில்லை. உங்கள் மருத்துவமனை அணியின் சொந்தக் கணக்கில், அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்ததில் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 3 சதவீதத்துக்கு மேல் போனால் கிடைக்கும் லாபம் கரைந்துவிடும். அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டாக்டர் தயங்காமல் சொல்வார்.

ரத்த ஓட்டம் முதல் கேள்வியாவது இந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினருக்கு. உட்கார்ந்து எழுந்ததும் ஒரு பக்கக் கை தன்னால் உதறி நிற்பது, பிரஷர் மாத்திரை கூட்டிய பிறகு பேச்சு குழறுவது, எம்ஆர்ஐயில் இரண்டு தமனிப் பாசனங்களின் எல்லையில் மணிமாலைபோல் சிறு பக்கவாதங்கள் தெரிவது எல்லாம் வரத்துக் குறைவின் அடையாளம். இவர்களுக்கு பெர்ஃப்யூஷன் சோதனை முடிவை மாற்றும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாற்றாது.

நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆசியர்களிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் குறுகல் அதிகம் காணப்படுகிறது. கழுத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு முடிவெடுத்தால், மேலே உள்ள இன்னொரு அடைப்பு தெரியாமல் போகலாம். கழுத்திலிருந்து உச்சந்தலை வரை தமனிகளைப் படமெடுக்கும் ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

'ரத்தம் நன்றாகப் போனால் அப்பாவின் மறதி போய்விடுமா?' என்று கேட்காத குடும்பம் இல்லை. சிலருக்கு முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் ஓட்டத்தைக் கூட்டினால் நினைவு திரும்பும் என்பது நிரூபிக்கப்படவில்லை. 'காஸ்' ஆய்வோடு சேர்ந்து இதையே பார்த்த 'ரீகான்' ஆய்வில் (2014) இரண்டு ஆண்டுக்குப் பின் பைபாஸ் செய்தவர்களின் நினைவாற்றல் மற்றவர்களைவிட மேம்படவில்லை. மறதிக்காக மட்டும் ஆபரேஷன் செய்யச் சம்மதிக்காதீர்கள்.

செய்த பிறகு

கரோட்டிட் பிரியும் இடத்திலேயே ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அவற்றை அழுத்துவதால் முதல் ஓரிரு நாள் பிரஷரும் நாடித்துடிப்பும் இறங்கும். ஆபரேஷனில் அவை கலைந்துபோவதால் பிரஷர் ஏறி இறங்கும், பெரும்பாலும் ஏறும். ரிசர்வ் தீர்ந்திருந்தவருக்கு அந்த ஏறிய பிரஷர் நேராக மூளையைத் தாக்கும். ஓட்டம் முன்பிருந்ததைவிட இரட்டிப்புக்கு மேல் போவதை மிகை ஓட்டம் என்கிறார்கள். வலிப்பு, மூளைக்குள் ரத்தக் கசிவு வரை இது போகலாம். நூற்றில் ஒருவருக்குத்தான் இப்படிப் பெரிதாக வரும். கசிவு வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. யாருக்கு வரும் என்பதை அசெட்டசோலமைட் சோதனை முன்கூட்டியே ஓரளவு காட்டிவிடும் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் ஸ்பெக்ட் படங்களை வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆபத்து அதிகமானவருக்கு முதலில் சிறிய பலூனால் கொஞ்சம் மட்டும் விரித்து, சில வாரம் கழித்து ஸ்டென்ட் வைக்கும் முறையும் அங்கே வளர்ந்தது.

இது ஆபரேஷன் அன்றே வர வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்தும் வரும். நான்கு வாரம் வரை கவனம் வேண்டும். காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள், டாக்டர் குறித்துக் கொடுத்த எல்லையைத் தாண்டினால் அன்றே போன் செய்யுங்கள். ஆபரேஷன் நடந்த அதே பக்கம், கண்ணுக்குப் பின்னாலோ நெற்றிப்பொட்டிலோ துடித்து வலிக்கும் தலைவலி வந்தால் பாராசிட்டமால் போட்டுத் தூங்கவைக்காதீர்கள். மணி நள்ளிரவானாலும் சரி, பிரஷர் கருவியில் எண் என்ன என்று பார்த்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக 'இவருக்குக் கழுத்துத் தமனி ஆபரேஷன் ஆகி இத்தனை நாள்' என்று சொல்லுங்கள்.